வீட்டுப்பிள்ளையா, வேலையாளா?

சென்னை விமான நிலையத்தில் நள்ளிரவு வேளைகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேலைபார்க்கும் மகளுக்குப் பேறுகாலம். பெட்டி நிறைய பேறுகால மருந்து, பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய், குழந்தைக்குப் பருத்தித் துணி என்று கட்டிக்கொண்டு பாட்டியும் தாத்தாவும் விமானம் ஏறுகின்றனர். பார்வையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். அது முடிந்ததும் அவர்கள் திரும்பி வர, மருமகனின் பெற்றோர் அடுத்த ஆறு மாதத்திற்குப் போகின்றனர். நம் பங்குகளிலேயே இப்படிப் போய்வந்த பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கின்றனர்.

இரண்டு தாத்தா பாட்டிகளின் முறையும் முடிந்த பிறகு என்ன செய்வது? முழங்கால் வலியோ சர்க்கரை நோயோ பாட்டியைப் போகவிடாமல் தடுத்தால் என்ன செய்வது? கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு மேலைநாடுகளில் தரப்படும் விடைகளுள் ஒன்று 'ஓ-பேர்' என்பது. அதைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க விரும்புகிறோம். கடல்கடந்த நாட்டு விவகாரம்தானே என்று தோன்றலாம். ஆனால் அதற்குள் நம் வீட்டுக் கேள்வி ஒன்றும் ஒளிந்திருக்கிறது.

'ஓ-பேர்' என்பது பிரெஞ்சு மொழிச் சொல். 'சமமாக', 'சரிநிகராக' என்பது அதன் பொருள். வேறு நாட்டைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், சில வேளைகளில் இளைஞர் ஒருவர், ஒரு குடும்பத்தோடு ஏறத்தாழ ஓராண்டு தங்குகிறார். அந்த வீட்டுக் குழந்தைகளைக் குறிப்பிட்ட நேரம் பார்த்துக்கொள்கிறார். குடும்பம் அவருக்குத் தங்க அறையும் உணவும் கைச்செலவுக்குப் பணமும் தருகிறது; மொழி கற்கவும் அந்நாட்டை அறியவும் வாய்ப்பளிக்கிறது. அவர் வேலைக்காரி அல்ல, வாடகைக்கு இருப்பவரும் அல்ல. குடும்பத்தாரோடு ஒரே மேசையில் சமமாக அமர்ந்து உண்பவர். பெயரே அதைத்தான் சொல்கிறது.

இந்தப் பழக்கத்திற்கு ஐரோப்பாவில் ஓர் ஒழுங்கு தர, ஐரோப்பிய அவை 1969ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. ஓ-பேர்கள் மாணவரும் அல்லர், தொழிலாளரும் அல்லர். இரண்டின் தன்மையும் கொண்ட தனிப்பிரிவினர் என்று அது வகுத்தது. நாளொன்றுக்குப் பொதுவாக ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது என்றது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. மாதத்தில் ஒருமுறையாவது அந்த ஓய்வு ஞாயிற்றுக்கிழமையில் வரவேண்டும். இறைவழிபாட்டில் பங்கேற்க முழு வாய்ப்பு தரவேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. வீட்டுக்கு உதவ வரும் ஒரு பெண்ணுக்கு உடல் மட்டுமல்ல, ஆன்மாவும் உண்டு என்பதை ஓர் அரசியல் உடன்படிக்கை நினைவில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இத்திட்டம் 1986இல் தொடங்கியது. 'ஜே-1' எனப்படும் பண்பாட்டுப் பரிமாற்ற விசாவில் இளையோர் வருகின்றனர். வயது 18 முதல் 26க்குள் இருக்கவேண்டும். கத்தோலிக்கர் நிறைந்த கொலம்பியா, பிரேசில், மெக்சிகோ ஆகிய நாடுகளிலிருந்தும் பெருமளவில் வருகின்றனர். 2019ஆம் ஆண்டில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். அங்கே விதிகள் ஐரோப்பாவைவிடக் கடினமானவை. நாளுக்கு 10 மணி நேரம், வாரத்திற்கு 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். வாரத்தில் ஒன்றரை நாள் விடுப்பு, மாதத்தில் ஒரு முழு வார இறுதி விடுப்பு, ஆண்டில் இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை உண்டு. அவருக்கென்று தனி அறை கட்டாயம். அவர் கல்லூரியில் படிக்க, குடும்பம் 500 டாலர் வரை தரவேண்டும்.

நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு பெற்றவர்களுமே ஓ-பேரை ஏற்க முடியும். 'எச்-1பி' விசாவில் வேலைபார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வழி திறந்திருக்கவில்லை. ஜெர்மனியில் இன்னொரு கட்டுப்பாடு. வீட்டில் ஜெர்மன் மொழி பேசப்பட வேண்டும். அது தாய்மொழியாக இல்லாத குடும்பங்கள் தங்கள் சொந்த நாட்டிலிருந்தே ஓ-பேரை வரவழைக்க முடியாது. 'நம் அக்கா மகளையே அழைத்துக்கொள்ளலாமே' என்ற எண்ணம் அங்கே பலிக்காது. மொழியும் பண்பாடும் கற்க வருகிறவர், தன் ஊர் மொழியையே பேசிக்கொண்டு சமையலறையில் முடங்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஓ-பேரைத் தேடும் பெற்றோரை நாம் எளிதில் குறை சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் பேறுகாலத்திற்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை எல்லாத் தாய்மாருக்கும் உறுதிசெய்யும் தேசியச் சட்டம் இல்லை. 1993இல் வந்த சட்டம் 12 வார விடுப்பைத் தருகிறது. அதுவும் ஊதியமில்லாமல், அதுவும் எல்லாருக்கும் அல்ல. ஓ-பேர் விதிகளோ, மூன்று மாதம் நிறையாத குழந்தையைப் பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லாமல் ஓ-பேரிடம் விடக்கூடாது என்கின்றன. தாயின் விடுப்பு முடிகிற நாளும், குழந்தையை அயலார் கையில் விடலாம் என்று விதி அனுமதிக்கிற நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து நிற்கின்றன. டே கேர் எனப்படும் பகல்நேரக் காப்பகங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கட்டணம். ஓ-பேருக்கோ குடும்பத்திற்கு ஒரே செலவு. இரண்டு மூன்று குழந்தைகள் உள்ள வீட்டிற்கு, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி மாலையில் அழைத்துவர ஆள் தேவைப்படும் வீட்டிற்கு, இரவுப்பணிக்குப் போகும் செவிலியர் வீட்டிற்கு இது உண்மையிலேயே ஓர் உதவிதான். பல வீடுகளில் அந்தப் பெண் பிள்ளைகளுக்கு அக்காவாகவே ஆகிவிடுகிறார். ஆண்டுகள் பல கடந்தும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் உறவுகள் இதிலிருந்து மலர்ந்துள்ளன.

ஆனால் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009ஆம் ஆண்டு முதல் மணிக்கு 7.25 டாலர். இதில் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் என்று 40 விழுக்காட்டைக் கழித்தால் 4.35 டாலர். அதை 45 மணி நேரத்தால் பெருக்கினால் 195.75 டாலர். ஓ-பேருக்கு வாரந்தோறும் தரவேண்டிய குறைந்தபட்சத் தொகை இதுதான். இடையில் விலைவாசி எவ்வளவோ ஏறிவிட்டது. இந்தத் தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. இதைத் தவிர, குடும்பங்கள் முகவர் நிறுவனங்களுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்துகின்றன. குடும்பம் கொடுக்கும் பணம் குறைவு என்று சொல்ல முடியாது. குழந்தையைத் தூக்கிச் சுமக்கிற கைக்கு வந்துசேர்வதுதான் குறைவு.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. 2014ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் முன்னாள் ஓ-பேர்கள் வழக்குத் தொடுத்தனர். 'குறைந்தபட்சம்' என்று அரசு சொன்ன தொகையை, 'இவ்வளவுதான் தரவேண்டும்' என்று முகவர் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து முடக்கிவிட்டன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நிறுவனங்கள் அதை மறுத்தன. இறுதியில் 2019 ஜனவரியில், 15 நிறுவனங்கள் சேர்ந்து 6 கோடியே 55 இலட்சம் டாலர் தர உடன்பட்டன. ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓ-பேர்களைத் தொட்ட வழக்கு அது. அதே ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வீட்டுப்பணியாளர் சட்டம் ஓ-பேர்களுக்கும் பொருந்தும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாநிலத்தில் குறைந்தபட்ச ஊதியம் 2023 ஜனவரி முதல் மணிக்கு 15 டாலர். இவ்வளவு கொடுக்க இயலாது என்று அங்கே பல குடும்பங்கள் திட்டத்தைவிட்டு விலகின.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். விலகிய பெற்றோர் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களும் வீட்டுக்கடன், மருத்துவக் காப்பீடு என்று கணக்குப் பார்த்து வாழ்பவர்களே. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நியாயமான கூலி கொடுத்தால் ஓர் ஏற்பாடு நிற்காது என்றால், இதுவரை அது எதன்மீது நின்றது? 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்ற நல்ல பெயரின்மீதா, ஓர் இளம்பெண்ணின் மலிவான உழைப்பின்மீதா?

நார்வே நாடு இக்கேள்விக்குத் தன் விடையைத் தந்துவிட்டது. 2024 மார்ச் 15 முதல் அங்கே புதிய ஓ-பேர் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. பண்பாட்டுப் பரிமாற்றத்திற்கு என்று தொடங்கியது, குறைந்த செலவில் வீட்டுவேலைக்கு ஆள் பிடிக்கும் வழியாக மாறிவிட்டது என்பதே அரசு கூறிய காரணம். அங்கே சென்றவர்களில் பெரும்பாலோர் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண்கள். முறைகேடுகள் பற்றிய புகார்களால் 1998இல் பிலிப்பீன்ஸ் அரசே தன் பெண்கள் ஓ-பேராக ஐரோப்பாவுக்குச் செல்வதைத் தடை செய்தது. 2010இல் மூன்று நாடுகளுக்கும், 2012இல் ஐரோப்பா முழுவதற்கும் அத்தடையை விலக்கிக்கொண்டது. தடை இருந்தபோதும் பெண்கள் போகாமல் இல்லை. ஊரில் தம்பி தங்கையரின் படிப்புக்குப் பணம் அனுப்பவேண்டிய ஒரு பெண்ணுக்கு, அது பண்பாட்டுப் பயணம் அல்ல, பிழைப்பு. அழைக்கிற வீடு ஒன்றை நினைக்கிறது, வருகிற பெண் வேறொன்றை நினைக்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

குழந்தையின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 1997 பிப்ரவரியில் பாஸ்டன் நகருக்கு அருகே, ஓ-பேர் ஒருவரின் பொறுப்பில் இருந்த எட்டு மாதக் குழந்தை இறந்தது. பிரித்தானியாவிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 18. நடுவர்கள் கொலைக்குற்றம் என்றனர். நீதிபதி அதைக் கருதாமல் விளைந்த மரணம் என்று குறைத்தார். அங்கே நடந்தது என்ன என்பதுபற்றி மருத்துவர்களுக்குள் வாதம் நீண்டது. அந்த வழக்கைத் தீர்ப்பிடுவது நம் நோக்கம் அல்ல. ஆனால் அதே ஆண்டில் அமெரிக்க அரசு விதிகளை இறுக்கியது. இன்று, இரண்டு வயதுக்குக் கீழான குழந்தை உள்ள வீட்டுக்கு வருகிற ஓ-பேர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட 200 மணி நேர அனுபவத்தைக் காட்டவேண்டும். அவர் வந்த முதல் மூன்று நாள்கள் பெற்றோரோ பொறுப்புள்ள பெரியவர் ஒருவரோ உடனிருக்க வேண்டும். இவை வெறும் சடங்குகள் அல்ல. தன் அம்மாவைப் பிரிந்து வந்த ஒரு பெண்ணிடம் இன்னொரு அம்மாவின் குழந்தையை ஒப்படைக்கிறோம். அவளுக்கும் பயம் இருக்கும். ஊர் நினைவு வாட்டும். இரவில் விழித்த குழந்தையைச் சமாளிக்கத் தெரியாமல் தடுமாறவும் கூடும்.

பிரிவும் உண்டு. ஓராண்டு முடிந்ததும் ஓ-பேர் போய்விடுவார். அனுமதியை நீட்டித்தாலும் இரண்டாண்டுக்குமேல் இல்லை. 'அக்கா எங்கே?' என்று கேட்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிரிவை முன்னதாகவே சொல்லித் தயாரிக்க வேண்டும். ஆண்டுதோறும் புதிய அக்கா, ஆண்டுதோறும் ஒரு விடைபெறல் என்பது எல்லாக் குழந்தைகளாலும் தாங்கக்கூடியது அல்ல.

அன்பர்களே, இந்த இளம்பெண்களைப்பற்றிய அக்கறை நம் திருச்சபைக்குப் புதியது அல்ல. வேலை தேடி நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்ற பெண்களைக் காக்க, 1897ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபர்க் நகரில் கத்தோலிக்கப் பெண்கள் கூடி ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைத்தனர். ரயிலைவிட்டு இறங்கும் பெண்கள் ஏமாற்றுக்காரர் கையில் சிக்காதபடி ரயில் நிலையங்களிலேயே அவர்களைச் சந்தித்து உதவும் பணியும் அக்காலத்தில் வளர்ந்தது. அதே மரபில் வந்த 'இன் வியா' என்னும் கத்தோலிக்க அமைப்பு, ஜெர்மனியில் ஓ-பேர்களுக்கு வழிகாட்டும் பணியைச் செய்துவந்துள்ளது. ரயில் நிலையத்தில் நின்றவர்கள் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை இன்று நாமும் கேட்கலாம். 'எங்கே தங்கப்போகிறாய்? எவ்வளவு நேரம் வேலை? யாரிடம் முறையிடுவாய்?'

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். வீட்டுவேலைக்கு வரும் பெண்ணைப்பற்றிப் பேசும்போது நாம் பெருமையோடு சொல்லும் சொற்றொடர் ஒன்று உண்டு: 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கோம்.' சொல்பவரின் அன்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீட்டுப் பிள்ளை எந்தத் தட்டில் சாப்பிடுகிறது? எங்கே படுக்கிறது? காய்ச்சல் வந்தால் யார் எழுந்து பார்க்கிறார்கள்? வீட்டுப் பிள்ளையைத் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் 'வேலை அதிகம், அடுத்த வாரம் ஊருக்குப் போ' என்று நிறுத்திவைப்போமா? 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டுவேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை நம் நாட்டில் 2006 அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை எத்தனை சிறுமிகள், 'படிக்க வைக்கிறோம், பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாக்கை நம்பிக் கிராமங்களிலிருந்து நகரத்து வீடுகளுக்கு வந்து, பாத்திரத்தோடும் கைக்குழந்தையோடும் வளர்ந்தார்கள்! வீட்டுப்பணியாளரின் வேலைநேரத்தையும் வார ஓய்வையும் காக்கும் 189ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 2011 ஜூன் 16 அன்று ஏற்றது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை.

ஓஸ்லோவிலும் பாஸ்டனிலும் நடந்ததும் இதுவே. 'குடும்பத்தில் ஒருவர்' என்ற சொல், வேலைநேரத்தைக் கணக்கிடாமல் இருக்க ஒரு சாக்காகியது. வேலை இருக்கும்போது அவர் குடும்பத்தில் ஒருவர். கூலி கேட்கும்போது விருந்தாளி. குறை நேரும்போது வெளியாள். அன்பு உள்ள இடத்தில் எழுத்து எதற்கு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், எளியவரிடம் நாம் கொண்ட அன்புக்கு எழுத்துதான் காவல். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த நாள் ஓய்வு, எவ்வளவு பணம், எந்த வேலை அவருடையது, எது அவருடையது அல்ல என்பன தெளிவாக எழுதப்பட்ட வீட்டில்தான், மீதி நேரத்தில் அவர் உண்மையிலேயே அக்காவாக, தங்கையாக இருக்க முடியும்.

எனவே, வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் ஓ-பேர்பற்றி நம்மிடம் ஆலோசனை கேட்டால், நாம் சொல்லக்கூடியவை சில உண்டு. செலவு குறையும் என்பது மட்டுமே காரணமென்றால் வேண்டாம். வீட்டில் அவருக்குக் கதவு பூட்டும் தனி அறை இல்லையென்றால் வேண்டாம். கைக்குழந்தையை நாளெல்லாம் பார்க்க அனுபவமுள்ளவர் தேவை. மொழி கற்க வந்த இளம்பெண்ணால் அதை ஈடுகட்ட முடியாது. சட்டம் சொல்லும் தொகை கீழ்வரம்பு என்பதை மறக்க வேண்டாம். அதற்குமேல் கொடுக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. பெரிய துப்புரவு வேலையும், விருந்தினர் வந்த நாளின் பாத்திரங்களும் அவருடைய வேலை அல்ல. ஞாயிறன்று அவர் எந்த ஆலயத்திற்குப் போக விரும்புகிறார் என்று கேளுங்கள். எந்த ஆலயத்திற்கும் போகாதவர் என்றாலும் அந்த நாள் அவருடையதே. மாதம் ஒருமுறை அவருடைய பெற்றோருடன் தொலைபேசியில் நீங்களே பேசுங்கள். மகளைக் கடல்கடந்து அனுப்பிய தாய், உங்கள் குரலைக் கேட்டால் நிம்மதியாகத் தூங்குவார்.

ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு ஓ-பேராகச் செல்ல விரும்பும் நம் இளம்பெண்களுக்கும் ஒரு சொல். அங்கே வாரத்திற்கு 30 மணி நேரத்திற்கு மேல் வேலை இல்லை. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கும், 70 யூரோ வரை மொழி வகுப்புக்கும் குடும்பம் தரவேண்டும். காப்பீடும் அதன் பொறுப்பு. இது சம்பாதித்து ஊருக்கு அனுப்பும் வேலை அல்ல. மொழியும் உலகமும் கற்கும் ஓராண்டு. கடன் வாங்கி முகவரிடம் பெருந்தொகை கட்டிப் போகத் தக்கதும் அல்ல. ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

விமான நிலையத்தில் பேரக்குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் பாட்டிக்கு ஒன்று நன்றாகத் தெரியும். குழந்தை வளர்ப்பு உலகிலேயே கடினமான உழைப்பு. அதற்கு யாரும் அவருக்குக் கூலி கொடுத்ததில்லை. அவர் கேட்டதும் இல்லை. அவர் கேளாமல் கொடுத்தது அன்பின் உரிமை. ஆனால் அதையே இன்னொரு வீட்டு மகளிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. அவள் கைகளில் நாம் கொடுப்பது நம் குழந்தையை. அவளுக்கு உரியதைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, நம் குழந்தைக்கு மட்டும் நிறைவான அன்பை அவளிடம் கேட்பது எப்படி?

இன்று இரவு உணவுக்கு அமரும்போது, நம் வீட்டில் உழைப்பவர் எவரோ அவர் எங்கே அமர்ந்து, எப்போது சாப்பிடுகிறார் என்று ஒருமுறை பார்ப்போம். சமம் என்ற சொல்லுக்கு நம் வீட்டில் என்ன பொருள் என்பது அங்கே தெரிந்துவிடும்.